சங்கத்துக்கு வெளியே ஒருவர்

என் நண்பர் ஒருவர் புதுவயலில் அரிசி ஆலை வைத்திருக்கிறார். காரைக்குடிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், நெல் அவிக்கிற வாசனை வந்தால் புதுவயல் வந்துவிட்டது என்று அர்த்தம். அவருடைய மகள் அமெரிக்காவில் வணிகம் படிக்கிறாள். ஒருநாள் கொஞ்சம் பதற்றமாகவே போன் செய்தார்.

''அண்ணே, காலேஜுல ஏதோ சகோதரர் சங்கத்துல சேரச் சொல்றாங்களாம். பணம் கட்டணுமாம், சத்தியமெல்லாம் பண்ணணுமாம். பொம்பளப் புள்ளைக்கு எதுக்குண்ணே சகோதரர் சங்கம்?''

பயப்பட ஒன்றுமில்லை. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்த மாணவர்கள் 1904-ல் 'ஆல்ஃபா காப்பா சை' என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். மூன்று வருடம் கழித்து அதே இடத்தில் 'டெல்டா சிக்மா பை' வந்தது. ஒரே தொழிலுக்குப் படிக்கிறவர்கள் ஒன்றாகச் சேர்ந்து, ஆயுசு முழுக்க ஒருவருக்கொருவர் துணையாக இருப்பது என்று ஏற்பாடு. ஆண்களுக்கு மட்டும் என்றிருந்த கதவு, 1970-களில் பெண்களுக்கும் திறந்தது. பெயர் மட்டும் 'சகோதரர்' என்றே நின்றுவிட்டது.

விளக்கிச் சொன்னதும் நண்பர் சிரித்தார். ''அட, நம்ம கிட்டங்கி! எங்க ஐயா பர்மாவுல பெட்டியடிப் பையனா இருந்தவரு தெரியும்ல?''

தெரியும். யோசித்துப் பார்த்தால், உலகத்தின் பெரிய தொழில் சங்கங்களில் ஒன்றை செட்டிநாடு நடத்தியிருக்கிறது. சின்ன வயதிலேயே கப்பல் ஏறிய பையனுக்குக் கிட்டங்கியில் படுக்க இடம், சாப்பாடு, தொழில் கற்றுத்தர ஆள். பெட்டியடிப் பையன் அடுத்தாள் ஆவான், அடுத்தாள் மேலாள் ஆவார். மாதம் ஒருமுறை ரங்கூனில் கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். கடைக்குக் கடை நம்பிக்கையில் பணம் கைமாறியது. சொன்ன சொல் தவறினால் மானம் போச்சு!

கட்டாயம் பெருமைப்படலாம். ஆனால், கதை அங்கே முடியவில்லை.

1930-களின் மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடன் வாங்கிய பர்மிய விவசாயியால் திருப்பிக் கட்ட முடியவில்லை. ஈடாக வைத்த நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்களிடம் இருந்த விளைநிலம் சுமார் 6 சதவிகிதம். 1937-ல் அது சுமார் 25 சதவிகிதம். அவர்களுக்கு நிலம் வேண்டியிருக்கவில்லை, பணம்தான் வேண்டியிருந்தது. பத்திரப்படி தப்பும் சொல்ல முடியாது. ஆனால், நிலத்தை இழந்தவனிடம் போய், 'எங்களுக்குள் நாங்கள் எவ்வளவு நாணயமானவர்கள் தெரியுமா?' என்று சொன்னால் அவனுக்கு என்ன ஆறுதல்?

விஷயம் இதுதான். உள்ளே இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் நேர்மையாக இருப்பது பாதி தர்மம். மீதிப் பாதி, வெளியே நிற்பவனிடம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பது.

கனடாவில் வேறு மாதிரி ஒரு வழக்கம் உண்டு. 1907-ல் அங்கே கியூபெக் பாலம், கட்டிக்கொண்டிருக்கும்போதே சரிந்து 75 தொழிலாளர்கள் இறந்தார்கள். பாலத்தின் எடையைக் குறைத்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். 1925-லிருந்து அந்த நாட்டில் படிப்பை முடிக்கும் பொறியாளர்கள் கூடி ஒரு உறுதிமொழி எடுத்து, சுண்டுவிரலில் இரும்பு வளையம் போட்டுக்கொள்கிறார்கள். (அந்தப் பாலத்து இரும்பில் செய்தது என்பார்கள். அது கதைதான்.) எழுதுகிற கையில் வளையம். வரைபடத்தில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் தாளில் உரசும். தோழனுக்கு வேலை வாங்கித் தருவதை அது ஞாபகப்படுத்துவதில்லை. முகம் தெரியாத யாரோ ஒருவர் நாளைக்கு இந்தப் பாலத்தில் நடப்பார் என்பதைத்தான் ஞாபகப்படுத்துகிறது.

நண்பரிடம் சொன்னேன்: ''தாராளமா சேரச் சொல்லுங்க. தனியா யாரும் முன்னுக்கு வர்றதில்ல. ஆனா, சத்தியம் பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் கேக்கச் சொல்லுங்க. நாளைக்கு அவ ஒரு மேனேஜர். ஒரே வேலைக்கு ரெண்டு பேர் வந்து நிக்கறாங்க. ஒருத்தன் சங்கத்துக்காரன். இன்னொருத்தன் வெளியாள், ஆனா கெட்டிக்காரன். சத்தியம் யார் பக்கம்?''

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. ''அண்ணே, போன மாசம் மில்லுல ஒரு கணக்கப்பிள்ளை வேலைக்கு நானே சொந்தக்காரப் பையனைத்தான் போட்டேன்'' என்றார்.

அவரை விடுங்கள். உங்கள் செல்போனில் பழைய மாணவர் குழு இருக்கும், ஊர்க்காரர் குழு இருக்கும். 'நம்ம பையன், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க' என்று வந்த கடைசிச் செய்திக்கு என்ன பதில் போட்டீர்கள்? அந்தப் பதிலால் வரிசையில் பின்னால் தள்ளப்பட்டவர் யார் என்று உங்களுக்குத் தெரியுமா?