ஊதியமும் வித்யாதானமும்

தானங்களுள் வித்யாதானம் உயர்ந்தது என்பது நம் முன்னோர் கண்ட முடிவு. அன்னம் ஒரு வேளைப் பசியைத் தீர்க்கிறது. கல்வியோ வாழ்நாள் முழுவதும் உடன் வருகிறது. அத்தகைய கல்வியை வழங்குவதற்குப் பொருள் பெறலாமா? பெற்ற பின்னும் அது தானம் ஆகுமா?

இந்தப் பழைய வினா இன்று புதிய வடிவில் எழுந்திருக்கிறது. 2002-ஆம் ஆண்டு பாரிஸில் யுனெஸ்கோ கூட்டிய அரங்கில் ‘திறந்த கல்வி வளங்கள்’ என்ற பெயர் பிறந்தது. ஒருவர் எழுதிய பாடத்தை எவரும் விலையின்றிப் படிக்கலாம், படி எடுக்கலாம், தம் மொழியில் பெயர்க்கலாம், தம் மாணவருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். இதற்கான அனுமதியை ஆக்கியவரே முன்கூட்டி வழங்கிவிடுகிறார். அதே ஆண்டு டிசம்பரில் வெளிவந்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் இதற்குச் சட்ட வடிவம் தந்தன. அவற்றின் நிபந்தனைகளை மதிப்பவரிடமிருந்து உரிமத்தைப் பின்னர் பறிக்க முடியாது. நீர் வார்த்துக் கொடுத்த பொருளைத் திரும்பக் கேட்கலாகாது என்ற நம் மரபை இது நினைவூட்டுகிறது.

நம் நாட்டிலும் இந்த முயற்சி வேரூன்றியுள்ளது. ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து, மத்திய அரசின் நிதியுடன், 2003-இல் என்.பி.டி.இ.எல். திட்டத்தைத் தொடங்கின. பள்ளிக் கல்விக்கான தேசியத் திறந்த கல்வி வளக் களஞ்சியம் 2013-இல் உருவாயிற்று.

இத்தகைய பணியில் ஈடுபடும் ஒரு பள்ளி ஆசிரியரை எண்ணிப் பார்ப்போம். இரவு கண் விழித்து ஒரு பாடத்தை எழுதுகிறார், படம் வரைகிறார், பிழை திருத்துகிறார். அதற்காக அவருக்கு ஒரு தொகை கிடைக்கிறது. ‘பணம் வாங்கிக்கொண்டு செய்தது எப்படிச் சேவையாகும்?’ என்று அருகிலிருப்பவர் கேட்கிறார். அவர் மனமும் கலங்குகிறது.

கூலிக்குக் கற்பிப்பவரை ஸ்மிருதிகள் பழித்தது உண்மை. ஆயினும் கற்பிப்பவர் பட்டினி கிடக்கவேண்டும் என்று நம் சமுதாயம் கருதியதில்லை. விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம் கிராமக் கல்வெட்டு இதற்குச் சான்று. முதலாம் இராஜேந்திர சோழன் காலத்தில் அங்கு 340 மாணவர்கள் பயின்ற கல்லூரிக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. மாணவருக்கும் நெல் அளக்கப்பட்டது. ஆசிரியருக்கும் நெல் அளக்கப்பட்டது. கற்றவரிடம் விலை கேட்கவில்லை. கற்பித்தவரின் அடுப்பும் அணையவில்லை.

இங்கேதான் வேறுபாடு விளங்குகிறது. ஆசிரியரின் நேரத்திற்கும் உழைப்பிற்கும் தரப்படுவது ஊதியம். கல்வியின் வாயிலில் நின்று, பணம் உள்ளவரை உள்ளே விட்டு இல்லாதவரைத் தடுப்பது விற்பனை. முன்னது உடலைக் காக்கிறது. பின்னது கல்வியைச் சிறைப்படுத்துகிறது. ஊதியம் பெற்ற பின்னும் வாயில் திறந்தே இருக்குமானால் தானம் பழுதுபடுவதில்லை. அந்தத் தானத்தில் பொருள் கொடுத்தவருக்கும் பங்குண்டு, உழைப்பைக் கொடுத்தவருக்கும் பங்குண்டு.

மேலும், ‘சேவைதானே’ என்று சொல்லி ஏழை ஆசிரியரிடம் இலவச உழைப்பை எதிர்பார்ப்பது தர்மமாகாது. தியாகம் ஒருவர் தாமே விரும்பி ஏற்பது. பிறர் மீது சுமத்தப்படுவது தியாகமல்ல. ஊதியமே இல்லையெனில் வசதி படைத்தவர் மட்டுமே பாடம் எழுதுவர். குக்கிராமத்துக் குழந்தையின் தடுமாற்றத்தை நாள்தோறும் கண்டறிந்தவரின் குரல் அப்பாடங்களில் ஒலிக்காது.

எனினும் ஊதியம் பெறுபவருக்குச் சோதனைகள் உண்டு. ‘இலவசமாகப் போவதுதானே’ என்ற அலட்சியம் முதல் சோதனை. சிறந்த விளக்கத்தைத் தனிப்பயிற்சிக்கு ஒதுக்கி வைத்துக்கொண்டு, எஞ்சியதைப் பொதுவில் வைப்பது இரண்டாவது. பொருள் தருபவரின் விருப்பத்திற்காக உண்மையை வளைப்பது மூன்றாவது. பாடத்தில் பிழை இருந்தால் அது ஒரு வகுப்பறையோடு நிற்பதில்லை; படி எடுக்கப்படும் இடமெல்லாம் பரவுகிறது. ஆகவே திறந்து வைக்கப்படும் பாடத்திற்கே கூடுதல் கவனம் தேவை.

அந்த ஆசிரியர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியது, பணம் பெற்றோமா என்பதையன்று. ‘பெற்றதற்கு ஏற்ப உழைத்தேனா? எதையும் மறைக்காமல் கொடுத்தேனா? என்றும் முகம் காணப்போகாத மாணவனையும் என் வகுப்பு மாணவனாகவே கருதினேனா?’ இவற்றிற்கு ஆம் என்று அவர் உள்ளம் சொல்லுமாயின், கை நீட்டி வாங்கிய ஊதியம் அவர் கொடையைச் சிறிதும் குறைப்பதில்லை.