இலவசப் பிரதியும் விமரிசகனின் கடனும்

விலை கொடாது ஒரு பொருளைப் பெற்றவன் அப்பொருளின் தகுதிபற்றி நேர்மையாக அபிப்பிராயங் கூற முடியுமா? முதற் பார்வையில் இது மிகச் சிறிய கேள்வியாகவே தோன்றும். இசை வெளியீட்டுக் கொம்பனி தன் புதிய பாடற்றொகுதியை அனுப்பி வைக்கின்றது. படத் தயாரிப்பாளர் தனிக்காட்சிக்கு அழைக்கின்றார். நூலாசிரியர் இரண்டு பிரதிகளை அஞ்சலிற் சேர்க்கின்றார். வேறு வியாபாரிகளும் தத்தம் சரக்குகளை இவ்வாறே அனுப்புகின்றனர். பெற்றவர் எழுதுகின்றார். நாம் வாசிக்கின்றோம், வாசித்தபின் காசு கொடுத்து வாங்குகின்றோம், அல்லது வாங்காது விடுகின்றோம். இந்த வரிசையில் பணங் கொடுப்பவர் ஒருவரே. அவர் கடைசியில் நிற்கும் வாசகர். கேள்வி சிறியதன்று என்பதற்கு இதுவே போதிய காரணமாகும்.

இதற்கு வழக்கமாகக் கூறப்படும் விடை ஒன்றுண்டு. நேர்மையுள்ளவனை ஓர் இசைத்தட்டோ ஒரு புத்தகமோ விலைக்கு வாங்கிவிட முடியாது; நேர்மையற்றவன் அவை கிடையாவிடினும் பொய்யே எழுதுவான்; ஆதலால் குணமே முக்கியம், பிரதி எவ்வாறு கிடைத்தது என்பது முக்கியமன்று என்பர். இவ்விடை மனிதனைத் தனியே பிரித்தெடுத்து நோக்குகின்றது; அவன் நிற்கும் அமைப்பை நோக்கத் தவறுகின்றது. இலவசமாகப் பெற்றவர்களிற் பெரும்பாலோர் பொய் எழுதுவதில்லை என்பதை நாமும் ஒப்புக்கொள்வோம். ஆனால் உண்மையை மறைக்கப் பொய் ஒன்றுதான் வழியா? குறையைப் பத்தியின் நடுவில் ஒதுக்கி நிறையை முடிவில் வைக்கலாம். "மோசம்" என்னும் இடத்தில் "எல்லோருக்கும் ஏற்றதன்று" எனலாம். பிடிக்காதவற்றைப்பற்றி ஒன்றுமே எழுதாது விடலாம். இவற்றில் ஒரு சொல்லேனும் பொய்யன்று. ஆயினும் இத்தகைய மதிப்புரைகள் நூறு சேர்ந்தால், உலகில் மோசமான சரக்கே இல்லை என்ற பெரும் பொய்யொன்று உருவாகிவிடுகின்றது.

அன்றியும், அடுத்த பிரதி யாருக்குப் போகும் என்பதைத் தீர்மானிப்பவர் அனுப்புபவரே. கண்டித்து எழுதியவரை அவர் ஏசுவதுமில்லை, மிரட்டுவதுமில்லை. அவருடைய பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகின்றார், அவ்வளவே. சில ஆண்டுகள் செல்ல, பட்டியலில் எஞ்சியிருப்போர் யாவரும் இன்சொல்லராகவே இருப்பர். அவர்களுள் ஒவ்வொருவரும் தாம் மனச்சாட்சிப்படியே எழுதுவதாக உண்மையாகவே நம்புவர். ஆனால் அத்தகைய மனச்சாட்சி உடையோரையே சந்தை பொறுக்கி எடுத்திருக்கின்றது என்பதை அவர்கள் அறியார். தனிமனித நேர்மைபற்றிய பேச்சு இவ்விடத்தில் முடிவடைந்து, சமுதாயப் பிரச்சினை தொடங்குகின்றது.

கொடையும் கடமையும் பிரிக்கவொண்ணாதவை என்பது பழைய உண்மை. பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925 இல் வெளியிட்ட தமது ஆய்விலே, பல்வேறு சமுதாயங்களின் வழக்கங்களை ஆராய்ந்து, கொடுத்தலும் ஏற்றலும் திருப்பியளித்தலும் ஒரே சங்கிலியின் மூன்று கண்ணிகள் எனக் காட்டினார். தமிழர்களாகிய நமக்கு இதனை விளக்க அயல்நாட்டறிஞர் தேவையில்லை எனலாம். பெருஞ்சித்திரனார் என்னும் புலவர் பரிசில் வேண்டி அதியமானிடம் சென்றபோது, அவன் தம்மை நேரிற் காணாமலே கொடுத்தனுப்பிய பொருளை ஏற்க மறுத்த செய்தியைப் புறநானூறு கூறுகின்றது. வறுமையுற்ற அப்புலவர் தமது புலமையை அளந்தறியாத கொடை எத்துணைப் பெரிதாயினும் தம்மை வணிகனாக்கிவிடும் என்று கருதினார். அங்கே கொடுப்பவன் புலமையை மதிப்பிட்டான். மதிப்பீட்டின் பின்னரே பரிசில் வந்தது. இன்றைய இலவசப் பிரதியிலோ இவ்வொழுங்கு தலைகீழாகின்றது. தீர்ப்புக்கு உட்பட வேண்டியவரே கொடுக்கின்றார். தீர்ப்புக்கு முன்னரே கொடுக்கின்றார். நீதிமன்றத்தில் இவ்வாறு நிகழுமாயின் அதற்கு நாம் இடும் பெயர் வேறு.

இவ்வொழுங்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்க வானொலியின் வரலாறு தக்க சான்று. 1950 களிலே அங்கு இசைத்தட்டுக் கொம்பனிகள் வானொலி அறிவிப்பாளர்களுக்குப் பணமும் பரிசும் கொடுத்துத் தம் பாடல்களை ஒலிபரப்பச் செய்தன. இவ்வழக்கத்துக்குப் "பயோலா" என்று பெயர். இதில் அகப்பட்டோருள் முதன்மையானவர் அலன் பிறீட். கறுப்பின மக்களின் இசையை வெள்ளையின இளைஞரிடம் கொண்டு சென்றதில் இவருக்குப் பெரும் பங்குண்டு. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால், சக் பெரி என்னும் கறுப்பினக் கலைஞர் 1955 இல் வெளியிட்ட "மேபலீன்" என்ற பாடலின் ஆசிரியர்களுள் ஒருவராக, அதனை இயற்றாத பிறீட்டின் பெயரும் சேர்க்கப்பட்டிருந்தது. பாடல் விற்குந்தோறும் அதன் உரிமைப் பணத்தில் ஒரு பங்கு அதனை ஒலிபரப்பியவருக்குச் சென்றது. அப்பாடலின் முழு உரிமை 1986 இலேயே பெரியிடம் மீண்டது. இரசிகர் செவிக்கு இலவசமாக வந்த இசைக்கு உண்மையில் விலை கொடுத்தவர் யார் என்பது இதனால் விளங்கும். இலஞ்சம் வாங்கியதில்லை என்று எழுதிக் கையொப்பமிட மறுத்தமையால் 1959 இல் பிறீட் தாம் பணியாற்றிய நிலையத்திலிருந்து நீக்கப்பட்டார். 1962 இல் நீதிமன்றத்திற் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டம் 300 டொலர். கொடுத்த கொம்பனிகளோ தொடர்ந்து செழித்தன.

1960 இல் அமெரிக்கா சட்டத்தைத் திருத்தியது. அச்சட்டம் பணம் வாங்குவதை முற்றாகத் தடுக்கவில்லை. வாங்கியதை நேயர்களுக்கு அறிவிக்காதிருப்பதையே குற்றமாக்கியது. 2009 இல் அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு, இணையத்திலே தனிப்பட்ட முறையில் மதிப்புரை எழுதுவோருக்கும் இதே நெறியை விரித்தது: பொருளை இலவசமாகப் பெற்றிருந்தால் அதனை வாசகருக்குச் சொல்லிவிட வேண்டும். இந்நெறி நல்லதே. சொல்லாதிருப்பது வாசகரை ஏமாற்றுவதாகும் என்பதில் ஐயமில்லை. ஆனால் சொல்லிவிட்டால் எல்லாம் தூய்மையாகிவிடுமா?

இதற்கு எதிர்பாராத விடையொன்றை டேலியன் கெயின், ஜோர்ஜ் லோவன்ஸ்ரைன், டொன் மூர் என்னும் மூவர் 2005 இல் வெளியிட்ட ஆய்வு தருகின்றது. சாடியொன்றில் உள்ள நாணயங்களின் பெறுமதியைச் சிலர் தூரத்திலிருந்து ஊகிக்க வேண்டும். அருகிலிருந்து பார்த்த ஆலோசகர்கள் அவர்களுக்கு உதவுவர். ஊகம் உயர உயர ஆலோசகருக்கு ஊதியம் கூடும் என்று ஒரு பகுதியில் ஏற்பாடு செய்யப்பட்டது. அந்த ஏற்பாட்டைத் தெரிவிக்குமாறு பணிக்கப்பட்ட ஆலோசகர்கள், தெரிவிக்காதவர்களிலும் பார்க்கக் கூடுதலாகவே மிகைப்படுத்தினர். கேட்டவர்களோ அதற்குத் தக்கவாறு கழித்துப் பார்க்கவில்லை. "நான்தான் சொல்லிவிட்டேனே" என்னும் நிம்மதி மனச்சாட்சியின் கட்டை அவிழ்த்துவிடுகின்றது. ஒப்புக்கொள்ளல் கடமையின் முதற்படி. அதனையே முடிவெனக் கொள்வோர் தம்மையே ஏமாற்றிக்கொள்கின்றனர்.

விமரிசனத்தின் மதிப்பை விற்பனையாளர் நன்கு அறிவர். 2000 ஆம் ஆண்டளவில் சோனி நிறுவனத்தின் திரைப்பட விளம்பரங்களில் டேவிட் மனிங் என்னும் விமரிசகரின் புகழுரைகள் வெளியாகின. அவர் கனெக்டிக்கட் மாநிலத்திலுள்ள சிறு வாரப் பத்திரிகையொன்றில் எழுதுபவர் என்று குறிப்பிடப்பட்டிருந்தது. பத்திரிகை உண்மையானது, விமரிசகர்தாம் பொய். அப்படியொருவர் இல்லை என்பதை 2001 இல் "நியூஸ்வீக்" சஞ்சிகை வெளிப்படுத்தியது. 2005 இல் நிறுவனம் 15 இலட்சம் டொலர் வழங்க உடன்பட்டு வழக்கைத் தீர்த்துக்கொண்டது. தனிக்காட்சிகளும் விருந்துகளும் கொடுத்துப் புகழுரை பெறக்கூடிய ஒரு நிறுவனம், இல்லாத மனிதனை ஏன் படைத்தது? சுதந்திரமான ஒரு தீர்ப்பின் தோற்றம் அதற்குத் தேவைப்பட்டது. செல்லும் நாணயத்துக்குத்தான் கள்ள நாணயம் அடிப்பர். விமரிசகனின் சொல்லுக்குப் பெறுமதி இருப்பதனாலேயே அதனைக் களவாக அச்சிடுகின்றனர். அப்பெறுமதி விமரிசகனின் தனிச் சொத்தன்று. நம்பி வாசித்த மக்கள் அவனிடம் ஒப்படைத்துள்ள பொதுப் பணம் அது.

வெளிப்படையாகப் பேசக் கூசும் பொருள்களில் இக்கடமை இன்னும் பாரமானது. வயது வந்தோரின் தனிவாழ்வுக்கெனப் பல சாதனங்கள் மேல்நாடுகளிற் பெருந்தொகையாக விற்கப்படுகின்றன. அவற்றுக்கும் மதிப்புரைகள் எழுதப்படுகின்றன. ஒழுக்கத்தின் பெயரால் முகஞ் சுளித்து இதனைக் கடந்து செல்வது எளிது. ஆனால் அது வாங்குவோரைப் பாதுகாக்காது. அரிசியையோ துணியையோ வாங்குபவர் அயலாரைக் கேட்கலாம், கடைக்காரருடன் வாதாடலாம், பழுதானதைத் திருப்பிக் கொடுக்கலாம். இப்பொருளை வாங்குபவர் யாரிடமும் கேட்கார். ஏமாந்தால் முறையிடவும் மாட்டார். அவருடைய நாணமே வியாபாரியின் அரண். 2006 இல் நெதர்லாந்திலே கிறீன்பீஸ் அமைப்பு இத்தகைய சாதனங்கள் எட்டினைப் பரிசோதித்தபோது, ஏழில் தலேற்று என்னும் இரசாயனப் பொருள் மிகுதியாக இருக்கக் கண்டது. பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் அவ்வகைப் பொருள்கள் சிலவற்றைக் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களிற் பயன்படுத்துவதை ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு முந்திய ஆண்டிலேயே கட்டுப்படுத்தியிருந்தது. இங்கே முகந்தெரியாத ஒருவரின் மதிப்புரையே வாங்குபவருக்கு உள்ள ஒரே அயலார். அந்த அயலார் இலவசச் சரக்குக்கு நன்றியாக மௌனஞ் சாதித்தால், கெடுவது இரசனை மட்டுமன்று, உடலுங் கெடும்.

அப்படியானால் யாரும் எதையும் இலவசமாகப் பெறலாகாது என்று விதித்துவிடலாமா? இவ்விடத்தில் நாம் நிதானிக்க வேண்டும். எல்லாவற்றையும் விலை கொடுத்து வாங்கியே எழுத வேண்டுமென்றால், பணம் படைத்தவன் ஒருவனே விமரிசகனாக இருக்க முடியும். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஆசிரியரும், அரைவயிறுண்டு கல்வி கற்கும் மாணவரும் விமரிசன உலகிலிருந்து வெளியேற வேண்டிவரும். செல்வனின் இரசனையே நாட்டின் இரசனையாகிவிடும். அது இலவசப் பிரதியால் வருங் கேட்டினும் பெரிய கேடு. மேலும், மதிப்புரை எழுதுவது உழைப்பாகும். ஒரு நூலைக் கருத்தூன்றி வாசித்து நாலு பக்கம் எழுதப் பல இரவுகள் செல்கின்றன. அவ்வுழைப்புக்கு எவரும் கூலி கொடுப்பதில்லை. அந்தப் பிரதியே கூலி எனக் கொள்ளப்படுகின்றது. ஆகவே, விமரிசகனின் உழைப்புக்கு யார் விலை கொடுக்கின்றார் என்பதே நம்முன் உள்ள உண்மையான கேள்வி. வாசகர் கொடாவிடின் வியாபாரி கொடுப்பான்; கொடுத்தவன் பக்கமே தராசும் சாயும்.

வாசகரே அவ்விலையைக் கொடுத்த முன்மாதிரியும் உண்டு. அது தொழிலாளர் போராட்டமொன்றிற் பிறந்தது என்பதைக் குறிப்பிடுவதில் நாம் மகிழ்ச்சியடைகின்றோம். அமெரிக்காவில் விற்பனைப் பொருள்களை ஆராய்ந்து கூறிவந்த நிறுவனமொன்றின் ஊழியர்கள் 1935 இல் வேலைநிறுத்தஞ் செய்தனர். பிரிந்து வந்தவர்கள் 1936 இல் "நுகர்வோர் சங்கம்" என்னும் அமைப்பை நிறுவினர். விளம்பரம் ஏற்பதில்லை, சோதிக்கும் பொருளைச் சாதாரண மக்களைப் போலக் கடையில் வாங்குவதன்றி இலவசமாகப் பெறுவதில்லை, செலவுக்கு முதன்மையான ஆதாரம் சந்தாதாரரின் பணம் என்பன அதன் விதிகள். ஆரம்பத்தில் அது பொருளின் தரத்தோடு, அதனைச் செய்த தொழிலாளரின் நிலையையுங் கூறிவந்தது. அதன் பரிசு, 1930 களின் இறுதியில் அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபையின் குழுவொன்றினால் பொதுவுடைமைச் சார்புடையதென்று குற்றஞ்சாட்டப்பட்டதுதான். 1954 இலேயே அக்கறை நீங்கியது. ஆனால் சங்கம் அழியவில்லை. அதன் சஞ்சிகை இன்றும் வெளிவருகின்றது.

கலையைக் குளிர்சாதனப் பெட்டியைப் போலச் சோதனைச்சாலையில் அளக்க முடியாதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆயினும் விமரிசகனைத் தாங்கும் கை எதுவாக இருக்க வேண்டும் என்னும் படிப்பினை கலைக்கும் பொருந்தும். நமது கிராமங்களின் வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் இதனை நமக்குப் பழக்கிவைத்துள்ளன. பலர் சேர்ந்து சந்தாக் கட்டி வாங்கிய ஒரு பத்திரிகையை ஊர் முழுதும் வாசித்தது. அவ்வாறே பொதுவில் வாங்கப்படும் நூலையும் படத்தையும் இசையையும் விமரிசகன் பெறுவானாயின், அவன் கடன்படுவது தன் வாசகருக்கே.

அந்நிலை வருமளவும் நாம் கைக்கொள்ளக்கூடியவை சில. பெற்றதைப் பெற்றதென்று சொல்ல வேண்டும். பிடிக்காததைப்பற்றியும் எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நமக்கு அனுப்பப்படாதவற்றைத் தேடிச் செல்ல வேண்டும். மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்புக என்று தமிழ்ச் சஞ்சிகைகள் காலங்காலமாக அறிவித்து வந்துள்ளன. கடன்பட்டு முந்நூறு பிரதி அச்சிட்ட எழுத்தாளனுக்கு அவ்விரண்டும் சுமை. அனுப்ப இயலாதவனின் நூல் எழுதப்படாத நூலாகவே எண்ணப்படுகின்றது. வசதி படைத்தோரின் கொடையால் மட்டும் நிரம்பும் மேசையிலிருந்து பிறக்கும் விமரிசனம், எவ்வளவுதான் நேர்மையானதாயினும், நாட்டின் பாதியைக் காணாத விமரிசனமே. அதேபோல், ஏழை எழுத்தாளன் அனுப்பிய பிரதிக்காக இரக்கத்தால் பொய்ப் புகழ்ச்சி எழுதுவதும் அறமன்று. அவனுடைய நூலை முழுவதும் வாசித்து, கண்டதை மறைக்காது கூறுவதே அவனுக்கு நாம் செய்யும் மரியாதை.

வாசகருக்கும் இதிற் பொறுப்புண்டு. தீர்ப்பு நமக்கு இலவசமாகவே வேண்டும் என்று நாம் நினைக்குமட்டும், வேறொருவர் விலை கொடுத்த தீர்ப்பே நமக்குக் கிடைக்கும். ஒரு நல்ல சஞ்சிகைக்குச் சந்தாக் கட்டும் ஆசிரியரும், காசு சேர்த்து ஒரு நூலை வாங்கிச் சுற்றுக்கு விடும் மாணவர் கூட்டமும் விமரிசனத்தின் சுதந்திரத்தைக் காப்பவராவர். அச்சிறு காசுகள் ஒன்றுசேருமிடத்திலேயே, விமரிசகன் எவருக்கும் அஞ்சாது எழுத முடியும்.