அளவையும் சோதனையும்

தான் ஆக்கிய ஒன்றில் குற்றமில்லை என்பதை மனிதன் எங்ஙனம் அறிவது என்னும் வினா தத்துவ ஞானிகளுக்கு மட்டும் உரியதன்று. இலத்தூரிலிருந்தும் செங்கோட்டையிலிருந்தும் புறப்பட்டுக் குற்றாலம் பராசக்தி மகளிர் கல்லூரியிலோ திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலோ கணினி இயல் பயில்வோருக்கும், மத்தளம்பாறை ஜோஹோ அலுவலகத்தில் மென்பொருள் எழுத அமரும் இளைஞருக்கும் அது நித்தியமான வினா. ஆயினும் அல்காரிதத்தை ஒரு பருவத்திலும் மென்பொருள் சோதனையை வேறொரு பருவத்திலும் பிரித்துக் கற்பிப்பதால், முன்னது மேதைகளின் சாஸ்திரம், பின்னது எளிய ஊழியம் என்னும் பேதம் மாணவர் மனத்தில் வேரூன்றிவிடுகிறது. இரண்டையும் ஒரே பாடமாக அமைக்க வேண்டும் என்பதும், அதற்கான சட்டகம் நம் தத்துவ மரபிலேயே உண்டு என்பதும் என் துணிபு.

அருள்நந்தி சிவாசாரியார் தமது சிவஞான சித்தியாரில், இறைவனைப் பற்றிப் பேசப் புகுமுன் அறிவின் வாயில்களான அளவைகளை ஆராய்ந்து, பலவாக எண்ணப்படும் அவை காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என நிலைநாட்டினார். கணினி இயலிலும் இம்மூன்றே பிரமாணங்கள்: நிரலை ஓட்டிப் பார்க்கும் சோதனை காண்டல், அது சரியென்று தர்க்கத்தால் நிறுவும் நிரூபணம் கருதல், நிரல் செய்ய வேண்டுவது இன்னதென்றும், அதை இயக்கும் இயந்திரத்தின் எல்லை இன்னதென்றும் வரையறுக்கும் வாசகம் உரை.

இவற்றுள் ஒன்று குறைந்தாலும் நேரும் விபரீதத்துக்கு இருமத் தேடலின் வரலாறே சாட்சி. வரிசைப்படுத்திய பட்டியலின் நடுவைப் பார்த்துப் பாதியைத் தள்ளிக்கொண்டே செல்லும் இம்முறை, நூறு கோடிப் பெயர்களுள் ஒன்றை முப்பது பார்வைக்குள் கண்டுவிடும். ஜான் பென்ட்லி என்னும் அறிஞர் இதனைச் சரியென்று நிரூபித்துத் தம் நூலில் காட்டினார். ஜாவா மொழியின் நூலகத்திலும் அம்முறை இடம்பெற்றது. எனினும் அதில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஒரு பிழை உறங்கிக் கிடந்ததை, அதை எழுதிய ஜாஷுவா பிளாக்கே 2006இல் உலகுக்கு அறிவித்தார். நடுவைக் காண இரு முனைகளின் எண்களைக் கூட்டிப் பாதியாக்கும்போது, கூட்டுத்தொகை 2,14,74,83,647ஐத் தாண்டினால், அவ்வளவுக்கு மேல் கொள்ள இடமில்லாத இயந்திரத்தில் அது குறை எண்ணாக மாறிவிடும். கருதல் எல்லையற்ற எண்களை எண்ணி நிறைவுற்றது; காண்டல் அத்தனை பெரிய பட்டியலைக் கண்டதில்லை; இயந்திரத்தின் எல்லையைச் சொல்லும் உரைக்கோ ஒருவரும் செவி சாய்க்கவில்லை.

ஆகவே ஒவ்வொரு அல்காரிதத்தையும் உரையில் தொடங்கி, கருதலால் நிறுவி, காண்டலால் பரீட்சித்து முடிப்பதே முறை. வெற்றுப் பட்டியல், ஒற்றை உறுப்பு, ஒரே மதிப்பு பன்முறை வருவது, எண்ணின் உச்ச எல்லை ஆகியவற்றை மாணவரே தேடித் தொகுக்கட்டும். சோதனை பிழையின் இருப்பைக் காட்டுமே யன்றி இன்மையை ஒருபோதும் நிறுவாது என்று டச்சு நாட்டு அறிஞர் டைக்ஸ்ட்ரா உரைத்ததையும் அவர்கள் மறவாதிருக்கட்டும்.

பூரணமான நிச்சயம் மனிதனுக்கு வாய்க்காதென்றால் தேடலால் பயன் யாது எனலாம். தென்காசியில் விசுவநாதர் ஆலயத்தை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், இவ்வாலயத்தில் என்றேனும் ஒரு குற்றம் நேருமாயின் அதனை நீக்கிக் காப்பவரை உலகறியப் பணிவதாகக் கல்லில் பொறித்து வைத்தான். சிதைந்து நின்ற கோபுரத்தைப் பிற்காலத்தார் மீண்டும் எழுப்பி 1990இல் குடமுழுக்குச் செய்தபோது, ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே செலுத்தப்பட்ட அவ்வணக்கத்துக்கு உரியவராயினர். தன் சிருஷ்டியிலும் குற்றம் நேரக்கூடும் என்று முன்னரே ஒப்புக்கொள்ளும் மனமே அகங்காரம் நீங்கிய மனம்; நிச்சயம் கைகூடாத இடத்திலும் தேடலை விடாதிருத்தலே அறிவின் தர்மம்.

பாடத்திட்டம் வகுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றே: ஒருவர் நிரலை மற்றொருவர் சோதிக்கும்படி தேர்வை அமையுங்கள், உங்கள் நிரலிலேயே பிழை காணும் மாணவருக்கு முதல் மதிப்பெண்ணை மனமுவந்து அளியுங்கள்.