பெயரில்லா உயிர்கள்

ஓர் உயிரைக் கொடுத்துப் பல உயிர்களைக் காத்தல் அறமாகுமா? இவ்வினா அறநூல்களுக்கு மட்டுமே உரியதன்று. 2018 ஏப்ரலில் வெளிவந்த 'அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்' என்னும் அமெரிக்கத் திரைப்படமும் இதனையே எழுப்புகின்றது. ஆந்தணி ருஸ்ஸோ, ஜோ ருஸ்ஸோ என்னும் உடன்பிறந்தார் இருவர் இயக்கிய இப்படத்தை நம் பேரப்பிள்ளைகள் பலமுறை கண்டிருப்பர். அரிய ஆற்றல் வாய்ந்த வீரர் பலர் கூடிப் பொரும் வெற்று ஆரவாரம் என்று அதனை ஒதுக்காது, நிறைகுறைகளை ஆராய்ந்து பார்த்தல் நன்று.

தானோஸ் என்பான் ஆறு கற்களைத் திரட்டி, அண்டத்து உயிர்களுள் பாதியை அழிக்க முனைகின்றான். மக்கள் மிகுந்து வளங் குன்றியமையால் அவன் பிறந்த கோள் பாழாயிற்று; பாதிப்பேர் மடியின் எஞ்சியோர் நலமுறுவர் என்பது அவன் கணக்கு. தன் செயலை அவன் கருணை என்றே நம்புகின்றான். கொடுமை நன்மையின் வேடம் புனைந்தும் வரும் என்று காட்டியது படத்தின் முதற் சிறப்பாகும்.

மற்றுமொரு சிறப்பும் உண்டு. விஷன் என்பானின் நெற்றியில் அக்கற்களுள் ஒன்று பதிந்துள்ளது. அதனை உடைத்தால் தானோஸின் எண்ணம் ஈடேறாது. ஆயின் விஷனின் உயிர் நீங்கும். அவனோ தன் உயிரைத் தானே தர முன்வருகின்றான். தானோஸோ தான் வளர்த்த மகள் கமோராவை மலையுச்சியினின்று தள்ளிக் கல்லொன்றைப் பெறுகின்றான். தன்னுயிரை ஈதல் வேறு. பிறர் உயிரைக் கவர்தல் வேறு. இவ்வேறுபாட்டைப் படம் தெளிவுற நிறுவுகின்றது.

குறை எங்குளது? உயிர்களை விலை பேசுதல் கூடாது என்று கூறி, விஷனின் ஈகையை ஸ்டீவ் ரோஜர்ஸ் மறுக்கின்றார். உயிருக்கு ஊறின்றிக் கல்லைப் பிரித்தெடுக்க வேண்டி, அவனை வக்காண்டா நாட்டிற்கு அழைத்துச் செல்கின்றனர். பகைவர் படை அங்கும் தொடர்கின்றது. அந்த ஓர் உயிரைக் காக்கும் போரில் அந்நாட்டு வீரர் பலர் மாய்கின்றனர். அவர்தம் பெயரை நாம் அறியோம். அவர்க்காக அழுவாரையும் காணோம். பகைவர் ஏவிய விலங்கனைய உயிர்களோ குவியல் குவியலாய் வீழ்கின்றன. அவற்றைக் கொல்வது காட்சிக்கு விருந்தாகிறது. உயிர் விலைபொருளன்று என்ற சொல், பெயருடையார்க்கு மட்டுமே பொருந்தியதோ?

நாயகர் பலராயின் இக்குறை நேர்தல் இயல்பே. இரண்டரை மணி நேரத்தை இருபதுக்கு மேற்பட்டோர் பகிர்ந்துகொள்ளும்போது, பெயரில்லார்க்கு ஒரு நொடியும் கிட்டுவதில்லை. எனினும் இது படத்தின் குறை மட்டுமன்று. நம் வீட்டார்க்கு ஒரு துன்பம் எனில் நாம் உறங்குவதில்லை. செய்தித்தாளில் இறந்தோரின் தொகையைப் படித்து அடுத்த பக்கம் புரட்டுகின்றோம். தானோஸ் உயிர்களை எண்ணாக்கினான். நாமும் அயலாரை எண்ணாகவே காண்கின்றோம்.

நமக்கு உரியார்பால் கொள்வது பற்று. நாம் அறியா உயிர்பாலும் செல்வதே அருள். ஆதலின் பிள்ளைகள் இப்படத்தைக் காண்பதைத் தடுக்க வேண்டா. கண்டு முடித்தபின் அருகமர்ந்து, "வக்காண்டாவில் வீழ்ந்தவர்களின் பெயர் என்ன?" என்று வினவுவோம். விடை அவர்களிடம் இராது. அவ்விடையின்மையே அவர்களைச் சிந்திக்கச் செய்யும்.