சாகித்யம் இல்லாத நாதம்

வாத்தியத்தில் வாசிக்கப்படும் கீர்த்தனத்தில் துதிப்பது வாத்தியமா, கேட்பவனா என்னும் கேள்வி, மார்கழிதோறும் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சபாக்களை நிரப்பும் ரசிகர்களுக்குப் பெரும்பாலும் எழுவதில்லை. வயலினில் பல்லவி பிறந்த மாத்திரத்தில் அவர்கள் உதடுகளே சாகித்யத்தை முணுமுணுக்கத் தொடங்கிவிடுகின்றன.

பெல்ஜியம் தேசத்து அடால்ஃப் சாக்ஸ் 1846-இல் காப்புரிமை பெற்று, ராணுவ பாண்டுகளில் பரவிய சாக்ஸபோனை, நாகஸ்வர வித்வானின் மகனாகிய கத்ரி கோபால்நாத் மைசூர் அரண்மனை பாண்டில் கேட்டு மோகித்து, வருஷக்கணக்கில் உழைத்து அதன் சாவிகளிலிருந்து கமகத்தை வரவழைத்து, சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் பயின்று, மேடையில் சம்மணமிட்டு வாசிக்கத் தொடங்கியபின், அந்நிய வாத்தியம் என்ற ஆட்சேபம் நிலைக்கவில்லை. (வயலின் மட்டும் என்ன, கும்பகோணத்திலா பிறந்தது?) கபாலீசுவரர் சந்நிதியில் ஒலிக்கும் நாகஸ்வரத்தின் சீவாளி வாயின் ஈரத்தில் ஊறித்தான் பேசுகிறது, சாக்ஸபோனின் நாணல் தகடும் அவ்விதமே. ஆகவே எச்சில் என்ற ஆசார வாதமும் எடுபடாது.

மெய்யான சங்கடம், 2008-இல் வெளிவந்த 'கின்ஸ்மென்' என்னும் இசைத்தட்டில் எழுகிறது. கர்நாடகத்திலிருந்து குடியேறிய பெற்றோரின் மகனாய் அமெரிக்காவில் வளர்ந்த ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மஹந்தப்பாவும் கோபால்நாத்தும் ஒரே ஜாதி ஆல்டோ சாக்ஸபோனை ஏந்தியிருக்க, விதுஷி கன்யாகுமரியின் வயலினும் பூவலூர் ஸ்ரீஜியின் மிருதங்கமும் ஒருபுறம், ரெஸ் அப்பாஸியின் மின்கிதாரும் மேற்கத்திய டிரம்ஸும் மறுபுறம் நிற்கின்றன. கோபால்நாத்தின் ஸ்வரம் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. மஹந்தப்பாவினுடையது உடைந்து, எதிர்பாராத இடத்தில் குதிக்கிறது. உதடு முணுமுணுக்க இங்கே சாகித்யமில்லை. பக்தியற்ற சங்கீத ஞானம் நல்வழியாகாது என்று தன்யாசியில் சாதித்த தியாகையர் இதை எவ்விதம் கொள்வார்?

பாகவதம் கூறும் நவவித பக்தியில் சிரவணம் முதலாவது, கீர்த்தனம் அதற்கடுத்ததே. இவ்விசைத்தட்டில் ஒருவர் முடிக்குமட்டும் மற்றவர் காத்திருந்து, கேட்டதைத் தம் மூச்சில் ஏற்று, திருப்பித் தருகையில் தம்முடைய முன்நினைவை விட்டுக்கொடுக்கும் இந்தச் செவிமடுத்தல் சிரவணத்துக்கு அயலானதென்று நான் கருதவில்லை. பாகவதத்தில் சிரவணமாவது விஷ்ணுவின் குணங்களைக் கேட்பதே, வெறும் ஒலியைக் கேட்பதன்று என்று வைதிகர் மறுப்பார், அம்மறுப்பு பலமானதே. எனினும் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே சார்ங்கதேவர், நாதத்தை உபாசிப்பதால் மும்மூர்த்திகளும் உபாசிக்கப்பட்டவராவர் என்று சங்கீத ரத்னாகரத்தில் கூறியபோது, சொல்லை அதற்கு நிபந்தனையாக்கவில்லை.

துரித காலத்தில் இருவரும் போட்டிக்கு நின்று சாமர்த்தியம் காட்டும் இடங்களில் அந்த உபாசனை எனக்குத் தென்படவில்லை. சபாவில் ஸ்வரக் கோர்வைக்குக் கரகோஷம் எழுகையிலும் அது தென்பட்டதில்லை.