காய்ச்சாத தண்ணி

பிள்ளையை எப்படி வளர்க்கணும்னு இன்னொருத்தி வீட்டுக்குப் போய்ச் சொல்வதற்கு எனக்கு என்ன தகுதி இருக்கிறது? இருபத்தாறு வருசம் பால்வாடி டீச்சராக இருந்து, வேலை முடிந்து வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் இந்தக் கேள்வியை எழுதுகிறேன். வேலையில் இருக்கும்போதே இதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

பால்வாடி என்றால் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிற இடம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுக்க 33 இடங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில், வீடு வீடாகப் போவதும் எங்கள் வேலைதான். மாசமாக இருக்கிறவள் வீடு, பிள்ளை பெற்றவள் வீடு, எடை குறைந்த பிள்ளை இருக்கிற வீடு. சீம்பாலைப் பீச்சிக் கொட்டாதே. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் குடு. அப்புறம் பருப்பு மசிச்சுக் குடு. பிள்ளையோட பேசு, விளையாடு. இதைத்தான் வாசல் வாசலாகச் சொல்லிக்கொண்டு போனோம்.

ஒப்புக்குச் செய்கிற வேலை இல்லை இது. ஜமைக்கா நாட்டில், அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட கறுப்பு மக்களின் வாரிசுகள் பெரும்பான்மையாக வாழும் அந்த நாட்டில், 1986-87இல் ஒரு ஆய்வு தொடங்கியது. கிங்ஸ்டன் நகரத்தில் வயசுக்கேற்ற உயரம் இல்லாத ஏழைப் பிள்ளைகளின் வீடுகளுக்குச் சுகாதார ஊழியப் பெண்கள் வாரம் ஒரு மணி நேரம் என்று இரண்டு வருசம் போனார்கள். வேண்டாம் என்று தூக்கிப்போடும் சாமான்களில் பொம்மை செய்து, பிள்ளையோடு விளையாடத் தாய்க்குக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போனபோது, இப்படி யாரும் வந்து போகாத பிள்ளைகளைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள் என்று 2014இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஒருத்தி வந்து உட்கார்ந்து பேசினதுக்கு இவ்வளவு பலன் உண்டு. ஆனால் உட்காருவதற்கு முதலில் வீட்டுக்குள்ளே போகணும் இல்லையா? நம்ம ஊரில் அங்கேதான் சிக்கல்.

நான் பறைச்சி. ஊருக்குள்ளே போனால் திண்ணைக்குக் கீழேதான் நிற்பேன். வீட்டுக்காரம்மா நிலைப்படிக்கு உள்ளே இருந்து பிள்ளையைக் காட்டுவாள். தடுப்பூசித் தேதி கேட்பாள், சத்துமாவு கேட்பாள். என் படிப்பு அவளுக்கு வேண்டும், நான் வேண்டாம். இதை எத்தனையோ கூட்டத்தில் சொல்லிக் கோபப்பட்டிருக்கிறேன். 1927 மார்ச் 20 அன்று மகாட்டில் பாபாசாகேப் அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்ததைப் பேசிக் கைதட்டும் வாங்கியிருக்கிறேன்.

2003இல் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் காலனிக்கும் தள்ளி, ஓடைக்கரையில் அருந்ததியர் தெரு. அங்கே ஒரு வீட்டில் ஒன்றரை வயசுப் பிள்ளை, ஏழு கிலோதான் இருந்தது. மாசம் தவறாமல் போவேன். வாசலில் நின்றபடியே, கோழி கிளறுகிற இடத்தில் பிள்ளையை விடாதே, கையைக் கழுவு, நாலு வேளை ஊட்டு என்று சொல்வேன். அவளும் எல்லாத்துக்கும் "சரிங்க டீச்சர்" என்பாள். பிள்ளை எடை மட்டும் ஏறவே இல்லை. 'இதுகளுக்கு எத்தனை தரம் சொன்னாலும் ஏறாது' என்று ஆயாவிடம் சொன்னேன். ஆமாம், 'இதுகள்' என்றுதான் சொன்னேன்.

ஒரு நாள் நல்ல வெயில். செம்பில் தண்ணி கொண்டுவந்து நீட்டினாள். வேண்டாம் என்றேன்.

"ஏன் டீச்சர், எங்க வீட்டுத் தண்ணி குடிக்க மாட்டீகளா?"

"அப்படியெல்லாம் இல்லம்மா. காய்ச்சாத தண்ணி குடிக்காதீகன்னு நாந்தான ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறேன்."

அவள் ஒண்ணும் பேசவில்லை. செம்பை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள். எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை. அதுக்கு முந்தின வாரம் ஊருக்குள்ளே ஒரு வீட்டில் தாகம் என்று கேட்டேன். அந்தம்மா எட்ட நின்று உயரத்திலிருந்து ஊற்ற, இரண்டு கையையும் குவித்து வாங்கிக் குடித்தேன். கிணற்றுத் தண்ணிதான். காய்ச்சினீங்களா என்று நான் கேட்கவில்லை. அங்கே வராத சுகாதாரம் இங்கே எனக்கு எப்படி வந்தது? என் வாயில் சுகாதாரம் பேசியது, அதுக்குள்ளே என் சாதி பேசியது.

குடிக்கிறதும் குடிக்காததும் உன் சொந்த விசயம், சொன்னது சரியா தப்பா என்று மட்டும் பார் என்று ஒரு தோழர் வாதாடினார். யோசித்துப் பார்த்தேன். வயிற்றால் போகும் பிள்ளைக்கு ஒரு லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணியில் தலை தட்டிய ஆறு சிறுகரண்டி சர்க்கரை, அரைச் சிறுகரண்டி உப்பு. இந்தக் கணக்கை யார் சொன்னாலும் சரிதான். ஆனால் 'உன் பிள்ளையோட பேசு, அது சிரிச்சா நீயும் சிரி, அது பெரிய ஆளா வரும்' என்பது அந்த மாதிரிக் கணக்கு இல்லை. உன் பிள்ளை அருமையான பிள்ளை என்று தாயை நம்பச் சொல்கிற பேச்சு அது. அந்தப் பிள்ளை வாய் வைத்த செம்பு எனக்கு ஆகாது என்றால், நான் சொல்வதை அவள் எதுக்கு நம்பணும்? நாளைக்கு அந்தப் பிள்ளையும் என்னைப் பார்த்துத்தானே தன் மதிப்பைத் தெரிந்துகொள்ளும்?

அடுத்த மாசம் போய் நானே தண்ணி கேட்டேன். அவள் சந்தோசப்படவில்லை, பயந்தாள். செம்பைச் சாம்பல் போட்டு இரண்டு தரம் விளக்கினாள். "உங்க தெருவுல தெரிஞ்சா உங்கள எதுவும் சொல்ல மாட்டாகளா டீச்சர்?" என்று கேட்டாள். அவளை ஒதுக்கினது நான். என்னைப் பற்றிக் கவலைப்பட்டது அவள். உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்து குடித்தேன்.

அன்றைக்குத்தான் அவள் வாயைத் திறந்தாள். விடியுமுன்னே குப்பை அள்ளுகிற வேலைக்குப் போகிறாள். திரும்ப மத்தியானம் ஆகும். அதுவரை பிள்ளையைப் பார்த்துக்கொள்வது ஏழு வயசு மூத்தவள். நாலு வேளை ஊட்டு என்று நான் சொன்னபோதெல்லாம் ஊட்ட வேண்டியவள் வீட்டிலேயே இல்லை. இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல்தான் வாசலில் நின்று புத்தி சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு, காலையில் அவள் வேலைக்குப் போகிற வழியில் பிள்ளையை என் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக ஏற்பாடு செய்தோம். மூத்தவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். எடை ஏறியது, மெதுவாகத்தான். என் தெருவில் முணுமுணுத்தார்கள். 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோதும் அதே முணுமுணுப்பைக் கேட்டேன்.

ஒரு செம்புத் தண்ணி குடித்ததால் நான் யோக்கியமாகிவிட்டேன் என்று சொல்லவில்லை. அதுக்கு முந்தி எத்தனை வாசலில் எத்தனை செம்பை வேண்டாம் என்றிருப்பேனோ, அந்தக் கணக்கு என்னிடம் இல்லை. வாங்கின அவமானத்தை எழுதுகிற நாம், கொடுத்த அவமானத்தையும் எழுதத்தான் வேண்டும்.

2024இல் மூன்று வயசுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு, இந்த மாசத்தில் இந்த விளையாட்டு என்று 36 மாசத்துக்கும் மத்திய அரசு திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறது. நல்லதுதான். அதை எடுத்துக்கொண்டு போகிற நம்ம பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன். உள்ளே போய் உட்காருங்க. தண்ணி கேளுங்க. காய்ச்சிக் குடுங்கன்னு கேட்டாலும் தப்பில்லை. அது ஆறுகிற வரைக்கும் அந்த வீட்டிலேயே இருங்க.