முட்டையும் மனச்சாட்சியும்

சுப்பர்மார்க்கற்றில் முட்டை வாங்குவோர் பலர் ஓட்டின் நிறத்தையே பார்க்கின்றனர். தவிட்டு நிறமென்றால் ஊர்க்கோழி முட்டை என நம்பிக் கூடிய விலையும் கொடுக்கின்றனர். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. மஞ்சட்கருவின் நிறம் அது தின்னும் தீனியைப் பொறுத்தது. கோழி வெயில் கண்டதா, சிறகை விரித்ததா என்பதை இரண்டும் சொல்லா. பெட்டியில் எழுதியிருப்பதை வாசிக்கவேண்டும். இயலுமானால் வளர்ப்பவரையே கேட்கவேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் வெறுங்கூடுகளைத் தடைசெய்தது. அதற்கு முன்னர் அங்கே ஒரு கோழிக்குச் சட்டம் கேட்ட இடம் 550 சதுர சென்ரிமீற்றர். ஓர் ஏ-4 தாளிலும் சிறியது. ஆயுள் முழுவதும் அதற்குள்ளேதான்.

இது கிறிஸ்தவன் கவலைப்படவேண்டிய காரியமா? முட்டையையோ குஞ்சையோ எடுப்பவன் தாய்ப்பறவையை விட்டுவிடவேண்டும் என்கிறது உபாகமம் 22ஆம் அதிகாரம். 1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல், தேவையின்றி விலங்குகளை வதைப்பது மனித மாண்புக்கு முரண் என்கிறது (இல. 2418). ஆனால் அதே பந்தி, மனிதரின் துயர்துடைக்க முதலிற் செல்லவேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் தகாது என்கிறது. சிக்கல் இங்கேதான்.

பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு முட்டையாவது கொடுக்கப் பாடுபடும் தாயிடம் இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு மனமில்லை. அவர் மலிந்ததையே வாங்கட்டும். நத்தார் கேக் அடிக்க முப்பது முட்டை உடைக்கும் வீட்டாரிடம் கேட்கலாம். அவர்கள் பதினைந்தோடு நிறுத்தி, அவற்றை மேய்ச்சற் கோழியின் முட்டைகளாக வாங்கினால் ஏழையின் பங்கு குறையப்போவதில்லை. எங்கள் வீட்டில் இப்போது குழம்புக்கு ஆளுக்கு அரை முட்டைதான், உருளைக்கிழங்கு சற்றுக் கூட. முதல் வாரம் முணுமுணுப்பு இருந்தது.